துப்பாக்கிச் சட்டமும் தோட்ட மக்களும்

(தோட்டத் தொழிலாளர் கூட்டமொன்றில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)

 

துப்பாக்கிச் சட்டத்தைப் பற்றித் தோட்ட மக்களிடம் பேசுவதற்கு என்ன இருக்கிறது என்று உங்களுள் சிலர் எண்ணக்கூடும். நம் கையில் இருப்பது பால் உளி, துப்பாக்கி அன்று. பட்டணத்து வங்கிகளும் நகைக்கடைகளும் கவலைப்பட வேண்டிய செய்தி இது என்று நினைப்பதும் இயல்பே. ஆயினும் சற்று எண்ணிப் பாருங்கள். இரப்பர்க் கன்றுகளையும் செம்பனைக் கன்றுகளையும் காட்டுப்பன்றிகள் அழிக்கின்றன. அவற்றைச் சுடுவதற்குத் துப்பாக்கியுடன் ஆட்கள் வருகின்றனர். பெரும்பாலும் இரவிலே வருகின்றனர். பன்றியின் கண் விளக்கொளியில் மின்னுவதைக் குறியாகக் கொண்டு சுடுகின்றனர். அதே இருட்டில்தான், பொழுது புலருமுன், தலையிலே விளக்கைக் கட்டிக்கொண்டு நம் சகோதரி ஒருத்தி தன் நிரைக்குள் நுழைகிறாள். புதருக்கு அப்பால் அசைவது பன்றியா, பெண்ணா என்பதைச் சுடுபவன் ஒரு நொடியில் முடிவு செய்கிறான். அந்த ஒரு நொடியைப் பற்றியதே இன்றைய பேச்சு.

நம் நாட்டு வரலாற்றிலும் துப்பாக்கியின் கதை தோட்டத்திலேதான் திரும்புகிறது. 1948ஆம் ஆண்டு ஜூன் திங்கள் 16ஆம் நாள், பேராக் மாநிலத்தில் சுங்கை சிப்புட் வட்டாரத்துத் தோட்டங்களில் மூன்று ஐரோப்பிய நிருவாகிகள் சுட்டுக் கொல்லப்பட்டனர். அதைத் தொடர்ந்து அவசரகாலம் பிறந்தது. 12 ஆண்டுகள் நீடித்தது. முள்வேலிக்குள் லயங்கள் நகர்ந்தன, அரிசி அளந்து கொடுக்கப்பட்டது, ஊரடங்கு வந்தது. அந்தத் துன்பத்தை உங்கள் பாட்டன்மார் பட்டனர்.

அக்காலத்தில் காட்டிலே ஒலித்த துப்பாக்கிகள் எங்கிருந்து வந்தன என்பதை இங்கே கருத வேண்டும். ஜப்பானியர் ஆட்சியின்போது அவர்களை எதிர்த்த மலாயா மக்கள் ஜப்பானிய எதிர்ப்புப் படைக்குப் பிரிட்டிஷார் வானூர்தி மூலம் ஆயுதங்களை இறக்கினர். போர் முடிந்ததும் 1945 டிசம்பரில் அப்படை கலைக்கப்பட்டது. ஆயுதத்தை ஒப்படைத்து விலகிய வீரருக்குத் தலைக்கு 350 வெள்ளி வழங்கப்பட்டது. பலர் ஒப்படைத்தனர். ஒப்படைக்கப்படாத ஆயுதங்கள் காட்டிலே மறைத்து வைக்கப்பட்டன. மூன்றாண்டுகள் கழித்து அவையே வெளியே வந்தன. பின்னாளில் ஆகும் என்று மறைத்து வைக்கப்படும் துப்பாக்கி பின்னாளில் எவர் கையில் இருக்கும் என்பதை வைத்தவராலும் சொல்ல இயலாது.

அவசரகாலச் சட்டம் துப்பாக்கி வைத்திருந்தாலே தூக்கு என்று விதித்தது. தோட்டத் தொழிலாளரிடையே நன்கு அறியப்பட்டவரும், அகில மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவராக இருந்தவருமான எஸ்.ஏ. கணபதி 1949 மே 4ஆம் நாள் புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். கைத்துப்பாக்கி வைத்திருந்தார் என்பதே அவர்மீது சுமத்தப்பட்ட குற்றம். அவரைக் காக்க இந்தியாவிலிருந்தும் வேண்டுகோள்கள் வந்தன, பயனில்லை. அவ்வழக்கின் நியாய அநியாயத்தைப் பற்றி இன்றும் கருத்து வேறுபாடு உண்டு; அதற்குள் நான் இப்போது புகவில்லை. கடுமையான சட்டம் என்று சொல்லும்போது எத்தகைய கடுமை என்று கேட்கும் உரிமை நம் மக்களுக்கு உண்டு என்பதற்காகவே இதைக் குறிப்பிட்டேன்.

அவசரகாலம் முடிவுற்ற 1960ஆம் ஆண்டிலேயே ஆயுதச் சட்டம் இயற்றப்பட்டது. உரிமமின்றி எவரும் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருத்தல் கூடாது என்பது அதன் அடிப்படை. உரிமம் காவல்துறையிடமிருந்து பெறப்பட வேண்டும். சிலர் விளையாட்டுப் பொருளாகக் கருதும் காற்றுத் துப்பாக்கியும் அச்சட்டத்தின்படி ஆயுதமே. அணில் அடிக்கத்தானே என்று சொல்லித் தப்பிவிட முடியாது. பிறகு, ஆயுதமேந்திய கொள்ளைகள் பெருகிய காலத்தில், 1971ஆம் ஆண்டு துப்பாக்கிகளுக்குக் கூடுதல் தண்டனை விதிக்கும் சட்டம் வந்தது. உரிமமின்றித் துப்பாக்கி வைத்திருந்தால் 14 ஆண்டு வரை சிறையும், ஆறுக்குக் குறையாத பிரம்படியும் உண்டு. கொள்ளை, ஆட்கடத்தல் போன்ற குற்றங்களின்போது துப்பாக்கியால் சுட்டால், குண்டு யார்மேலும் படாவிட்டாலும், கட்டாய மரண தண்டனை என்று அச்சட்டம் நெடுங்காலம் கூறி வந்தது. 2023 ஜூலை முதல் அந்தக் கட்டாயம் நீக்கப்பட்டிருக்கிறது. இப்போது நீதிபதி மரண தண்டனை விதிக்கலாம். அல்லது 30 முதல் 40 ஆண்டு வரை சிறையும் 12க்குக் குறையாத பிரம்படியும் விதிக்கலாம்.

உலகில் மிகக் கடுமையான துப்பாக்கிச் சட்டங்களுள் நம்முடையதும் ஒன்று. அதன் பயனை நாம் நுகர்கிறோம். பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பும்போது அங்கே எவனாவது துப்பாக்கியோடு நுழைவானோ என்ற அச்சம் நம் தாய்மார்களுக்கு இல்லை. இது சிறு பேறு அன்று. எனினும் இச்சட்டங்களின் பெரும்பகுதி சுட்டவனை என்ன செய்வது என்பதைப் பற்றியதாகவே இருக்கிறது. உரிமம் பெற்ற துப்பாக்கி வீட்டில் எவ்வாறு வைக்கப்படுகிறது, அதை வைத்திருப்பவரின் மனநிலை இன்று எப்படி உள்ளது, வேட்டைக்கு வருபவர் தோட்டத்தில் வேலை செய்வோருக்கு முன்னறிவிப்புக் கொடுத்தாரா என்னும் கேள்விகளில் சட்டம் இன்னும் இறுக வேண்டும் என்பது என் கருத்து. சுட்டவன் சிறைக்குச் சென்றாலும் நிரையில் விழுந்தவள் எழுந்து வரப்போவதில்லை. ஆகவே சுடுவதற்கு முன்னே வந்து நிற்கும் சட்டம் நமக்குத் தேவை. அத்தகைய சட்டத்தை ஒரு நாடு எப்படி இயற்றியது என்பதைச் சற்று விரிவாகச் சொல்லுகிறேன்.

ஆஸ்திரேலியாவின் தெற்கே தாஸ்மேனியா என்றொரு தீவு மாநிலம் உண்டு. அங்கே போர்ட் ஆர்தர் என்னும் இடத்தில், பிரிட்டிஷார் காலத்துக் கைதிச் சிறையின் இடிபாடுகள் இருக்கின்றன. விடுமுறை நாள்களில் மக்கள் குடும்பத்தோடு சென்று பார்க்கும் இடம். 1996 ஏப்ரல் 28, ஞாயிற்றுக்கிழமை. ஓர் இளைஞன் அங்கிருந்த உணவகத்தில் அமர்ந்து உண்டுவிட்டு, பையிலிருந்து தானே தோட்டா ஏற்றிக்கொள்ளும் துப்பாக்கியை எடுத்துச் சுடத் தொடங்கினான். அன்றும் மறுநாள் காலையிலுமாக ஓய்ந்தபோது 35 பேர் மாண்டிருந்தனர். இருபது பேருக்குமேல் காயமுற்றிருந்தனர். மாண்டவருள் ஒரு தாயும் அவளுடைய இரு சிறு பெண்மக்களும் அடங்குவர்.

அப்போது ஜான் ஹோவார்ட் பிரதமராகி ஏறத்தாழ இரண்டு மாதங்களே ஆகியிருந்தன. அவருடைய கட்சிக்கும் அதன் கூட்டணிக் கட்சிக்கும் வாக்களித்தோரில் கணிசமானவர்கள் உழவர்கள், ஆட்டுப்பண்ணைக்காரர்கள், துப்பாக்கி வைத்திருப்பவர்கள். அவர்களைப் பகைத்துக்கொள்ள எந்த அரசியல்வாதியும் அஞ்சுவான். மேலும் அங்கே துப்பாக்கிச் சட்டம் இயற்றும் அதிகாரம் மத்திய அரசுக்கு இல்லை. அது மாநிலங்களின் கையில் இருந்தது. ஒரு மாநிலம் ஒரு விதமாகவும் மற்றொன்று வேறு விதமாகவும் சட்டம் வைத்திருந்தன. இவ்வளவு தடைகள் இருந்தும், படுகொலை நிகழ்ந்த 12ஆம் நாள், மே 10ஆம் தேதி, எல்லா மாநிலங்களின் காவல்துறை அமைச்சர்களும் ஒரே மேசையில் அமர்ந்து ஒரே உடன்பாட்டுக்கு வந்தனர்.

அவ்வுடன்பாட்டின் சாரத்தை நீங்கள் கவனித்துக் கேட்க வேண்டும். தானே தோட்டா ஏற்றிக்கொள்ளும் நீள்துப்பாக்கிகளும், இழுத்துச் சுடும் வகைத் துப்பாக்கிகளும் பொதுமக்களிடம் இருத்தல் கூடாது. பண்ணைத் தேவை போன்ற மிகச் சில காரணங்களுக்கே விலக்கு. துப்பாக்கி கேட்பவர் எதற்காக என்று உண்மையான காரணம் காட்ட வேண்டும். தற்காப்புக்காக என்பது காரணமாக ஏற்கப்படாது. ஒவ்வொரு துப்பாக்கியும் பதிவு செய்யப்பட வேண்டும். ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே அனுமதி பெற வேண்டும். விண்ணப்பித்த அன்றே கிடைக்காது. 28 நாள் காத்திருக்க வேண்டும். ஆத்திரத்தில் வாங்க வருபவனின் ஆத்திரம் தணியட்டும் என்பதே இதன் கருத்து. வீட்டிலே பூட்டிய பெட்டியில் வைக்க வேண்டும். தோட்டாக்களைத் தனியே வைக்க வேண்டும்.

தடை செய்யப்பட்ட துப்பாக்கிகளை என்ன செய்வது? இங்கேதான் அந்நாட்டின் நேர்மை விளங்குகிறது. நேற்றுவரை சட்டப்படி விலை கொடுத்து வாங்கியவனிடமிருந்து சும்மா பறித்துக்கொள்ளாமல், உரிய விலை கொடுத்து அரசாங்கமே வாங்கிக்கொண்டது. அதற்கான பணத்துக்காக மருத்துவ வரியை ஓராண்டுக்கு மட்டும் 1.5 விழுக்காட்டிலிருந்து 1.7 விழுக்காடாக உயர்த்தினர். துப்பாக்கியே தொட்டறியாத மக்களும் அதைக் கொடுத்தனர். ஏறத்தாழ ஆறரை இலட்சம் துப்பாக்கிகள் திரும்பப் பெறப்பட்டு நசுக்கி அழிக்கப்பட்டன.

எதிர்ப்பு இல்லாமல் இல்லை. விக்டோரியா மாநிலத்தில் சேல் என்னும் ஊரில், துப்பாக்கி வைத்திருப்போர் திரண்ட கூட்டத்தில் ஹோவார்ட் பேசியபோது, சட்டைக்குள் குண்டு துளைக்காத கவசம் அணிந்து நின்றார். அணிந்திருக்க வேண்டியதில்லை என்று பின்னர் அவரே வருந்தினார். துணைப் பிரதமராக இருந்த டிம் ஃபிஷர் உழவர் கட்சியின் தலைவர். தம் சொந்த மக்களிடமே ஊர் ஊராகச் சென்று ஏச்சுப்பேச்சுக் கேட்டும் பின்வாங்காமல் விளக்கினார். சட்டம் இயற்றுவதைவிடத் தம்மவரிடம் சென்று அதை எடுத்துரைப்பது கடினமான பணி என்பது என் எண்ணம்.

பலன் என்ன? 1996க்கு முந்திய 18 ஆண்டுகளில், ஒரே நிகழ்ச்சியில் ஐவரோ அதற்கு மேற்பட்டவரோ சுட்டுக் கொல்லப்பட்ட கொடுமை அந்நாட்டில் 13 முறை நிகழ்ந்திருந்தது. அதன்பின் இருபது ஆண்டுகளுக்குமேல் ஒன்றுகூட நிகழவில்லை. 2018இல் ஒரு பண்ணை வீட்டில் ஒரு குடும்பத்துக்குள் நேர்ந்த துயரமே முதலாவது. துப்பாக்கியால் இறப்போரின் விகிதமும் பாதிக்கும் கீழே இறங்கிற்று. அது முன்பே மெல்ல இறங்கிக்கொண்டுதான் இருந்தது என்று கூறுவோர் உளர், உண்மைதான். சட்டத்துக்குப் பின் இன்னும் விரைவாக இறங்கியது என்பதும் உண்மையே.

ஆனால், 2025 டிசம்பர் 14ஆம் நாள், சிட்னியின் போண்டாய்க் கடற்கரையில், யூத மக்கள் தம் விளக்குத் திருநாளைக் கொண்டாடிக்கொண்டிருந்தபோது, தந்தையும் மகனுமாக இருவர் சுட்டு 15 பேரைக் கொன்றனர். சட்டம் தோற்றுவிட்டது பார்த்தீர்களா என்று சிலர் கைகொட்டினர். அத்தந்தையிடம் இருந்தவை கள்ளத் துப்பாக்கிகள் அல்ல. உரிமத்தோடு ஆறு துப்பாக்கிகள் அவர் பெயரில் பதிவாகியிருந்தன. உரிமம் கொடுத்தபின் அதைப் பெற்றவர் எப்படி மாறினார், அவர் வீட்டில் யார் இருக்கிறார், ஒருவருக்கு எத்தனை துப்பாக்கி தேவை என்னும் கேள்விகள் போதிய அளவு கேட்கப்படவில்லை. அதன்பின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலம் ஒருவர் வைத்திருக்கும் துப்பாக்கிகளின் எண்ணிக்கைக்கு வரம்பு விதித்தது; மத்திய அரசாங்கமும் மீண்டும் துப்பாக்கிகளை விலைக்கு வாங்கும் திட்டத்தை அறிவித்தது. முப்பதாண்டுக்கு முன் கட்டிய வேலியில் ஓட்டை விழுந்தால் ஓட்டையை அடைப்போமேயன்றி வேலியைப் பிடுங்கி எறிவோமா?

நம் மக்களிடையே ஒரு வழக்குரை உண்டு. "கொல்ல நினைப்பவன் துப்பாக்கி இல்லாவிட்டால் பாராங் கத்தியால் வெட்டுவான், சட்டம் போட்டு என்ன பயன்?" என்பர். இதற்கு மறுமொழி கூறக் கற்பனை தேவையில்லை. ஒரு நாளின் செய்தி போதும். 2012 டிசம்பர் 14ஆம் நாள், சீனாவின் ஹெனான் மாநிலத்துச் சிற்றூர் ஒன்றில், ஒருவன் கத்தியோடு தொடக்கப் பள்ளிக்குள் புகுந்து இருபதுக்கு மேற்பட்ட குழந்தைகளை வெட்டினான். அதே நாளில், அமெரிக்காவின் கனெட்டிகட் மாநிலத்தில் சாண்டி ஹூக் பள்ளிக்குள் ஓர் இளைஞன் துப்பாக்கியோடு புகுந்தான். சீனாவில் வெட்டுண்ட குழந்தைகளுள் ஒருவரும் இறக்கவில்லை. அமெரிக்காவில் 20 குழந்தைகளும் 6 பெரியவர்களும் அப்பள்ளியிலேயே மாண்டனர். இரண்டு பேருக்கும் வெறி ஒன்றே. கையில் இருந்த கருவி வேறு.

தோட்ட மக்களாகிய உங்களுக்கு இதை வேறு விதமாகவும் எடுத்துக்காட்டலாம். களைக்கொல்லி மருந்தாகிய பாராகுவாட்டை நீங்கள் நன்கு அறிவீர்கள். எத்தனை தோட்டங்களில், கணவன் மனைவி சண்டையில், கடன் தொல்லையில், பரீட்சையில் தோற்ற வருத்தத்தில், எட்டிய கைக்கு அந்தப் புட்டி கிடைத்ததால் உயிர்கள் போயின! நம் நாட்டில் 2020 ஜனவரி முதல் அது தடை செய்யப்பட்டுள்ளது. இலங்கை இதில் நமக்கு முன்னே சென்றது. கொடிய பூச்சிமருந்துகளை அந்நாடு ஒன்றன்பின் ஒன்றாகத் தடை செய்தது. 1995க்கும் 2015க்கும் இடையே அங்குத் தற்கொலை விகிதம் ஏறத்தாழ எழுபது விழுக்காடு குறைந்தது. அந்த இருபது ஆண்டுகளில் இலங்கை மக்களுக்குத் துன்பம் குறைந்துவிட்டதா? போரும் கடற்கோளும் அக்காலத்தில்தானே வந்தன! துன்பம் இருந்தது, கொல்லும் பொருள் கைக்கெட்டாத தூரத்துக்குச் சென்றது. மனித மனத்தின் கொதிப்பு பெரும்பாலும் சிறிது நேரமே நிற்பது. அந்த நேரத்தைக் கடத்திவிட்டால் ஓர் உயிர் பிழைக்கிறது. துப்பாக்கிக்கும் இதே கணக்குத்தான். அமெரிக்காவில் ஆண்டுதோறும் 40,000க்கும் மேற்பட்டோர் துப்பாக்கியால் இறக்கின்றனர். அவர்களுள் பாதிக்கு மேற்பட்டோர் தம்மைத் தாமே சுட்டுக்கொண்டவர்கள். இது பலருக்கும் தெரியாத செய்தி.

அமெரிக்காவைப் பற்றி அதிகம் பேசப் போவதில்லை. 1791இல் ஏற்கப்பட்ட அரசியல் சட்டத் திருத்தம் ஒன்று ஆயுதம் வைத்திருத்தலை உரிமையாக்கி விட்டது. அந்நாட்டில் மக்களைவிடத் துப்பாக்கிகள் மிகுதி என்று கணக்கிட்டுள்ளனர். சாண்டி ஹூக் கொடுமைக்குப் பிறகும், துப்பாக்கி வாங்குவோரின் பின்னணியை ஆராயும் விதியை விரிவாக்கும் மசோதா 2013 ஏப்ரலில் மேலவையில் தோற்றது. ஆதரவாக 54 வாக்கு, எதிராக 46. ஆனால் 60 வாக்கு தேவைப்பட்டது. 2022இல் டெக்ஸாஸின் யுவால்டே பள்ளியில் 19 குழந்தைகளும் 2 ஆசிரியைகளும் கொல்லப்பட்ட பிறகே ஓரளவு சட்டம் வந்தது. அதுவும் சிறிய அடியே.

ஸ்காட்லாந்தில் நடந்ததைத் தாய்மார்கள் கேட்க வேண்டும். 1996 மார்ச் 13ஆம் நாள் டன்பிளேன் என்னும் ஊரின் தொடக்கப் பள்ளியில் 16 குழந்தைகளும் ஓர் ஆசிரியையும் சுட்டுக் கொல்லப்பட்டனர். சுட்டவன் வைத்திருந்த கைத்துப்பாக்கிகள் யாவும் உரிமம் பெற்றவை. சட்டம் அவனுக்கு அனுமதி கொடுத்திருந்தது! அவ்வட்டாரத்துச் சாதாரணக் குடும்பத்தவர் சிலர் ஒன்றுகூடி, கைத்துப்பாக்கியைத் தடை செய்யக் கோரி மனு எழுதினர். மார்ச் மாதத்தில் பனியைப் பிளந்து பூக்கும் சிறு வெண்மலர் ஒன்றின் பெயரை அவ்வியக்கத்துக்குச் சூட்டினர். கடைத்தெருவில் நின்று கையொப்பம் திரட்டினர். ஏழு இலட்சத்துக்கு மேற்பட்டோர் கையெழுத்திட்டனர். 1997இல் இரு சட்டங்களால் பிரிட்டனின் பெரும்பகுதியில் தனியார் கைத்துப்பாக்கி வைத்திருத்தல் ஏறக்குறைய முற்றிலும் தடை செய்யப்பட்டது. அதற்குப்பின் அந்நாட்டுப் பள்ளி ஒன்றில் அத்தகைய படுகொலை நிகழவில்லை. கையெழுத்து என்பது தோட்டத்து மக்களுக்குப் புதிதன்று. தமிழ்ப்பள்ளிக்காகவும் கோயிலுக்காகவும் எத்தனை மனுக்களில் நாம் கையெழுத்திட்டிருக்கிறோம்!

நியூசிலாந்தைப் பற்றி ஒரு வார்த்தை. அந்தத் துயரம் நம் நாட்டையும் தொட்டது. 2019 மார்ச் 15, வெள்ளிக்கிழமைத் தொழுகை நேரத்தில் கிறைஸ்ட்சர்ச் நகரின் இரு பள்ளிவாசல்களில் 51 பேர் கொல்லப்பட்டனர். அவர்களுள் ஒரு மலேசிய இளைஞரும் இருந்தார். ஆறாம் நாளே பிரதமர் ஜசிந்தா ஆர்டன் தடையை அறிவித்தார். ஒரு மாதத்துக்குள் நாடாளுமன்றம் அதை நிறைவேற்றியது. 119 பேர் ஆதரித்தனர். எதிர்த்தவர் ஒரே ஒருவர்.

இனி நம் தோட்டத்துக்கு வருவோம். இங்கே நாம் கேட்க வேண்டியது என்ன?

வேட்டைத் துப்பாக்கி வேண்டாம் என்று நான் கூறவில்லை. பன்றித் தொல்லையை அறியாதவன்தான் அவ்வாறு கூறுவான். ஆனால் வேலைக்காட்டில் வேட்டை நடப்பதாயின், எந்த நாள், எந்த நிரை, எந்த நேரம் என்பதை முதல் நாளே பெரட்டில் அறிவிக்க வேண்டும் என்பது சட்டமாக வேண்டும். நிருவாகத்தின் நல்லெண்ணத்தை நம்பி மட்டும் இதை விட்டுவிடுதல் கூடாது. மண்டோருக்கும் தெரியாமல், வெளியூர் ஆட்கள் பின்வழியாக வண்டியில் வந்து சுட்டுவிட்டுப் போகும் வழக்கம் எங்கு இருந்தாலும் அது நிறுத்தப்பட வேண்டும். அந்நிய நாட்டிலிருந்து வந்து நம்மோடு வேலை செய்யும் தொழிலாளருக்கும் அவர்கள் மொழியில் இவ்வறிவிப்பு எட்ட வேண்டும். குண்டுக்கு ஊரும் தெரியாது, மொழியும் தெரியாது.

உரிமம் புதுப்பிக்கும்போது பத்திரத்தை மட்டும் பார்த்து முத்திரை குத்துவதோடு நில்லாமல், துப்பாக்கி எங்கே வைக்கப்பட்டிருக்கிறது என்பதை நேரில் பார்க்க வேண்டும். பூட்டிய இரும்புப் பெட்டி, தனியே தோட்டா, இவை கட்டாயமாக வேண்டும். மனைவியை அடித்ததாகவோ குடிவெறியில் அண்டை வீட்டாரை மிரட்டியதாகவோ காவல் நிலையத்தில் புகார் பதிவானால், விசாரணை முடியும் வரை அவருடைய துப்பாக்கி அரசாங்கத்தின் காவலில் இருப்பதே நீதி. 2024 ஏப்ரலில் கோலாலம்பூர் அனைத்துலக விமான நிலையத்தில் ஒருவன் தன் மனைவியைக் குறிவைத்துச் சுட்டதையும், குறி தவறி மெய்க்காவலர் ஒருவர் காயமுற்றதையும் நாடே கண்டது. குடும்பச் சண்டையும் துப்பாக்கியும் ஒரே கூரையின்கீழ் இருத்தலாகாது. பெண்களே, இதை நீங்கள்தான் உரத்துக் கேட்க வேண்டும். ஆண்கள் கேட்கத் தயங்குவர்.

பின்பு நாட்டுத் துப்பாக்கி. இரும்புக் குழாயைக் கொண்டு பட்டறையில் செய்வதும், காட்டுவழியில் கம்பி கட்டிப் பொறியாக வைப்பதும் ஆங்காங்கே இருந்து வருகின்றன. கெட்டிக்காரத்தனம் என்று அதைப் பாராட்டுவாரும் உண்டு. ஜப்பான் நாட்டில் 1958ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி துப்பாக்கி பெறுவது எளிதன்று. எழுத்துத் தேர்வும் சுடும் தேர்வும் மருத்துவச் சான்றும் வேண்டும். அங்குத் துப்பாக்கியால் இறப்போர் மிகமிகக் குறைவு. அத்தகைய நாட்டில், 2022 ஜூலை 8ஆம் நாள், முன்னாள் பிரதமர் ஷின்சோ அபே, ஒருவன் வீட்டிலேயே செய்த குழாய்த் துப்பாக்கியால்தான் கொல்லப்பட்டார். ஜப்பானியர் அதன்பின் அவ்வகைத் துப்பாக்கிகளைப் பற்றிய சட்டத்தை 2024இல் இறுக்கினர். கம்பிப் பொறிக்கு வருவோம். அதை வைத்தவன் உறங்கப் போய்விடுகிறான். விடியற்காலையில் அக்கம்பியைத் தட்டுவது பன்றியாகத்தான் இருக்கும் என்று அவனுக்கு யார் உறுதி கூறியது?

இத்தகைய துப்பாக்கிகளை வெளிக்கொணர, 1945இலும் 1996இலும் செய்ததுபோல், குறிப்பிட்ட காலத்துக்கு மன்னிப்பு அறிவித்து ஒப்படைக்கச் செய்வதே சிறந்த வழி என்பது என் தாழ்மையான கருத்து. 14 ஆண்டுச் சிறையும் பிரம்படியும் காத்திருக்கும்போது, தாத்தா காலத்துத் துப்பாக்கியைப் பரணில் கண்டெடுத்தவன் காவல் நிலையத்துக்குக் கொண்டு வருவானா, ஆற்றில் எறிவானா, அன்றி மீண்டும் பரணிலேயே வைப்பானா? அஞ்சாமல் கொண்டுவர ஒரு வாயில் திறந்திருக்க வேண்டும். தொழிற்சங்கமும் பெண்கள் குழுக்களும் இக்கோரிக்கையைத் தீர்மானமாக எழுதித் தங்கள் நாடாளுமன்ற உறுப்பினரிடம் கொடுக்கலாம். எழுதித் தர உதவுவோர் இந்த மண்டபத்திலேயே பலர் இருக்கின்றனர்.

சட்டம் வரும்வரை நாம் செய்யக்கூடியவை சில உள. உரிமம் என்பது அதில் பெயர் எழுதப்பட்ட ஆளுக்கே உரியது. அண்ணனின் துப்பாக்கியைத் தம்பி ஒரு நாள் வாங்கிச் செல்வதும், நண்பனுக்கு இரவல் கொடுப்பதும் குற்றமாகும், இருவரும் சிக்கிக்கொள்வர். உரிமம் பெற்ற தந்தையார் காலமாகிவிட்டால், வீடும் நகையும் பிள்ளைக்கு வருவதுபோல் துப்பாக்கி வராது. ஈமக்கடன் முடிந்த கையோடு, உரிமப் பத்திரத்துடன் அருகிலுள்ள காவல் நிலையத்துக்குத் தகவல் கொடுங்கள். துப்பாக்கியை நீங்களே தூக்கிக்கொண்டு சாலையில் நடக்க வேண்டாம். காவலர் வந்து பெற்றுக்கொள்வது இரு தரப்புக்கும் நல்லது. காட்டில் கம்பிப் பொறியைக் கண்டால் கழற்ற முயலாதீர்கள். அவ்விடத்தில் ஒரு கிளையை ஒடித்துப் போட்டு அடையாளம் செய்து, அந்த நிரைக்கு யாரும் போகாதவாறு மண்டோரிடம் உடனே சொல்லுங்கள். அன்றைய கோப்பைகள் நிறையாவிட்டாலும் பரவாயில்லை. கேள்விகள் இருப்பின் இப்போதே கேளுங்கள். காவல்துறை அதிகாரியும் நம்மிடையே அமர்ந்திருக்கிறார்.